ஒரு தடவை போதாதவர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பற்றிப் பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது. இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் அவருக்கு மேல் மாடியில் குடியிருந்து பார்த்தால் உங்களுக்கும் வராது.

கல்யாணத்தன்றே எனக்கு உறுத்தியது. "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று போதகர் கேட்டார். அத்தான் "சம்மதம்" என்றார். போதகர் அக்காவின் பக்கம் திரும்புவதற்குள், குரல் சரியாக வெளியே வரவில்லையோ என்று இவருக்குத் தோன்றிவிட்டது. மறுபடியும் "சம்மதம்" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் இரண்டாவது சம்மதமும் அமுங்கிப் போயிருக்கும் என்று மூன்றாவதாகவும் ஒன்று சொன்னார். அக்கா ஒரே தடவைதான் சொன்னாள், அதுவும் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத குரலில். இந்தக் குடும்பம் இன்றுவரை நிற்பது அவளுடைய அந்த ஒரு சம்மதத்தின் பலத்தில்தான் என்பது என் கட்சி.

நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது, அதனால் தினமும் காலையில் அத்தானின் கூத்து எனக்கு இலவசம். கதவைப் பூட்டுவார், பூட்டைப் பிடித்து இழுப்பார். தெருமுனை வரை போவார். அங்கே நின்று யோசிப்பார். திரும்பி வந்து பூட்டை இழுப்பார். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டால் பிழைத்தோம் என்று நினைப்பேன். ஆனால் அங்கிருந்தும் வந்திருக்கிறார், கேஸ் வால்வைப் பார்க்க.

"நான் மூடிட்டேங்க. என் கையால மூடினேன்" என்பாள் அக்கா.

"நீ மூடினது எனக்குத் தெரியும். மூடியிருக்கான்னுதான் பார்க்க வந்தேன்."

இந்தப் பதிலுக்கு என்ன சொல்ல முடியும்? அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எல்லா விதமான நோயாளியையும் பார்த்துப் பழகிய முகத்தோடு சும்மா இருந்துவிடுவாள்.

வேலையில் மட்டும் இந்தக் குணத்துக்கு மரியாதை உண்டு. மற்றவர்கள் எண்ணெய் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று, கம்பிக் கயிற்றை ஒரு பழந்துணியால் பிடித்தபடியே மேலிருந்து கீழ்வரை போவார். கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை என்றால் துணியை உதறிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கட்டடக்காரர்களுக்கு அவர் என்றால் உயிர்.

ஒரு தடவை தைத்த துணிக் கட்டோடு நானே ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. நான் இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கினேன், கதவை உதைத்தேன், ஊரைக் கூட்டினேன். கடைசியில் மேலே எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

"யாரு உள்ளே?"

"நான்தான் அத்தான்!"

"நீயா? சரி. பட்டனை அமுக்காதே. கதவை உதைக்காதே. நீ எதுவும் பண்ண வேணாம். சும்மா நில்லு. நான் கொண்டுவந்து சேர்க்கறேன்."

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இல்லை, அவசரம் இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மெல்ல இறக்கிக் கதவைத் திறந்தார். வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ என் முகத்தைப் பார்க்காமல், கதவு சரியாக மூடுகிறதா என்று மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவையும் வால்வையும் விடுங்கள். அதெல்லாம் வீட்டோடு போகிற தலைவலி. அத்தானின் உண்மையான வியாதி சபையில் இருந்தது.

வேலை பழகிய காலத்தில் அவரோடு இருந்த ஒருவர் லிஃப்ட் குழியில் விழுந்து செத்துப்போனார். காலையில் இவருடைய டீயில் பாதியைப் பிடுங்கிக் குடித்த ஆள், மத்தியானம் இல்லை. அன்றிலிருந்து அத்தானுக்கு ஒரே கேள்வி: நான் செத்தால் எங்கே போவேன்? சாப்பாடு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தெருத்தெருவாக நடப்பாராம். அப்படி நடந்த ஒரு சாயங்காலம், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்த ஹாலில் பாட்டுச் சத்தம் கேட்டு மாடிப்படி ஏறினார். அதுதான் எங்கள் சபை. பாவிக்காகக் கிறிஸ்து தம் உயிரைக் கொடுத்தார், கேட்கிறவனுக்கு மன்னிப்பு உண்டு, வேண்டுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் போதகர். அத்தான் தூக்கினார். தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினார். "அப்படி ஒரு தூக்கம் என் ஜென்மத்துல தூங்கினதில்ல" என்று இப்போதும் சொல்வார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு முடிகிறது. அத்தானுக்கு அடுத்த ஞாயிறே சந்தேகம் வந்துவிட்டது. முழு மனசோடு கேட்டேனா? ஜெபம் பண்ணும்போது நடுவில் போதகருடைய சட்டையில் ஒரு பட்டன் இல்லாததைக் கவனித்தேனே, அப்போது என் மனசு எங்கே இருந்தது? பட்டனைப் பார்த்துக்கொண்டே கேட்ட மன்னிப்பு செல்லுமா? போதகர் மறுபடி அழைப்புக் கொடுத்தபோது மறுபடியும் கை தூக்கினார். இந்தத் தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால் அழுகை வரவில்லை. அழாமல் கேட்டது செல்லுமா? அதற்கு இன்னொரு தடவை.

இப்படி எத்தனை தடவை என்று கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. எங்கள் சபையில் தூக்கினார், பக்கத்துச் சபையில் தூக்கினார், மைதானத்துக் கூட்டங்களில் தூக்கினார், ரேடியோவில் பிரசங்கம் கேட்டுவிட்டுச் சமையலறையில் தனியாக நின்றும் தூக்கினார். சபையில் கீபோர்டு வாசிக்கிறவன் ஒரு வாயாடி. "வேலையில மின்தூக்கி, சபையில கைதூக்கி" என்று அவன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் விட்ட பிறகும் தெர்மாமீட்டரைக் கீழே வைக்காத நோயாளி என்று நான் சொல்வேன். அக்காவுக்கு மட்டும் கோபமே வராது.

"அவரை மாத்த முடியாதுடி. ஆண்டவர் ஒரு தடவை கூப்பிட்டாரு, இவரு திரும்பத் திரும்பப் போறாரு. போகட்டும். நல்ல இடத்துக்குத்தானே போறாரு."

அவள் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருந்தேன். எங்கள் ஆராதனையில் நன்றி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. யார் எழுந்தாலும் முதலில் "என்னை இரட்சித்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை பாஸானது, மூட்டுவலி குறைந்தது என்று மற்ற சங்கதிகளுக்கு வருவார்கள். பாதிப் பேருக்கு அது வாய்ப்பாடு. அத்தான் எழுந்தால் அந்த வரி மட்டும் வராது. "மகளுக்குக் காய்ச்சல் விட்டதுக்கு நன்றி" என்று நேரே ஆரம்பித்து, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கைக்கு வந்துசேர்ந்ததா என்றே தெரியாத ஒன்றுக்கு நன்றி சொன்னால் அது பொய் என்பது அவர் எண்ணம். பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு இரட்சிப்பு என்ற சொல்லே தொண்டையில் முள்ளாக நின்றது. அதைப் பார்க்கிற ஞாயிறுகளில் எனக்குக் கேலி வராது.

இந்த முள்ளை எல்லோருக்கும் முன்னால் எடுத்தாக வேண்டிய நாள், அவருடைய ஒரே மகளால் வந்தது.

அவள் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை பயணம். அதற்கு முந்தின ஞாயிறு, வளர்ந்த சபையிலேயே தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள். எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். தண்ணீரில் இறங்குகிறவருக்கு ஆண்டவரை முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது யாரோ, அவர் தொட்டியின் ஓரத்தில் நிற்க வேண்டும். நின்று, தன்னை இரட்சித்ததற்காக எல்லோர் காதிலும் விழும்படி ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முழுக்கு. கரையேறினவன்தான் கரையில் நிற்கலாம் என்பது போதகரின் விளக்கம்.

"உனக்கு யாரும்மா நிக்கப் போறாங்க?" என்று போதகர் கேட்டார்.

"எங்க அப்பா" என்றாள்.

போதகருக்கு இருமல் வந்துவிட்டது.

அவள் சொன்னது நியாயம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அக்காவின் நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். வேலையிலிருந்து வந்த அத்தான் தரையோடு தரையாகப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் கெட்ட பொண்ணுப்பா. இயேசப்பா என்னைச் சேத்துக்குவாரா?" என்று கேட்டாள். "கேட்டா சேத்துக்குவாரு" என்றார். "எத்தனை தடவை கேக்கணும்?" "ஒரு தடவை போதும்." கட்டிலுக்கு அடியிலேயே இருவரும் ஜெபம் பண்ணிவிட்டு, தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பல தடவை சொல்லிச் சிரித்த கதை இது. ஒரு தடவை போதும் என்று சொன்ன வாய் யாருடையது என்பதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

விஷயத்தை மகள் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது நானும் இருந்தேன். அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னால முடியாதும்மா."

"ஏம்ப்பா?"

"எனக்கே நிச்சயம் இல்லாததை ஆண்டவர் முன்னால எப்படி நின்னு சொல்றது? உன் ஞானஸ்நானத்தன்னிக்குப் பொய் சொல்லச் சொல்றியா? பாஸ்டர் நிக்கட்டும். அம்மா நிக்கட்டும்."

"எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்க. நீங்க நிக்கலன்னா நான் இறங்கல. இறங்காமலே ஊருக்குப் போறேன்."

அப்பன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருந்தது. அக்கா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் தட்டிலும் ஊற்றவில்லை.

அந்த வாரம் முழுக்க அத்தான் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஷேவ் பண்ணப் போய்ப் பாதிக் கன்னத்தோடு வாசலுக்கு வந்து நின்றார். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். கீழே அவர் செருப்புச் சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வரும். அந்தத் தாளத்துக்கு என் மெஷினும் ஓட ஆரம்பித்து, ஒரு பையனுடைய கால்சட்டைக்கு இரண்டு இடக்கால் வைத்துத் தைத்துவிட்டேன். கோபத்தில் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"அத்தான், ரெண்டு வார்த்தைதானே? சபையில அத்தனை பேரும் வாரா வாரம் சொல்றாங்க. சொல்லிட்டு உட்காருங்களேன். மலையையா புரட்டச் சொல்றாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "உனக்கு அது ரெண்டு வார்த்தை. எனக்கு அது உண்மையா இருக்கணும். அதுக்கு முன்னால வேற எதுவுமே வேணாம்னு தோணுது. வேலை, வீடு, எதுவுமே. அது மட்டும் உண்மையா இருந்துட்டா போதும்."

கால்சட்டையைப் பிரிக்க மேலே வந்துவிட்டேன்.

போதகரும் ஒரு முறை வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், ஆனால் அத்தான் விஷயத்தில் அவருடைய பொறுமையும் நைந்த கயிறுதான். டீயைக் குடித்துவிட்டு, "பிரதர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நிக்கறதோ நிக்காததோ உங்க இஷ்டம். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் தயவுசெஞ்சு கை தூக்காதீங்க. புதுசா வர்றவங்க குழம்பிப் போறாங்க" என்றார். அத்தான் தலையாட்டினார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய ஹாலில் கூட்டம். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். உதவிக்கு எங்கள் சபைப் பெண்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மகளும் நானும் போனோம். அழைப்புக் கொடுத்ததும் முன்னால் வருகிறவர்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஜெப அறைக்கு அனுப்புவார்கள். அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "உள்ள வாங்க" என்று சொல்வது அவள் வேலை. நடையில் நின்று தண்ணீர் கொடுப்பது என் வேலை. அத்தான் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

பிரசங்கம் முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "உள்ள வாங்க. உள்ள வாங்க." சட்டென்று அவள் குரல் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில், கம்பெனிச் சட்டையும் தோளில் சாமான் பையுமாக, தரையைப் பார்த்தபடி அத்தான் வந்துகொண்டிருந்தார்.

"லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னீங்க?" என்றாள் மகள்.

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ரிப்பேர்தான்மா. எனக்குத்தான்."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். பின்னால் வந்தவர்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவை நான் பிடித்துக்கொண்டேன், அவள் அப்பாவை நடையின் ஓரத்துக்கு இழுத்தாள்.

"மறுபடியுமாப்பா?"

"இன்னிக்கு ஒரு தடவை சரியாக் கேட்டுட்டேன்னா நாளைக்குத் தைரியமா நின்னுடுவேன். உனக்காகத்தான் வந்தேன். இந்த ஒரு தடவை விடு."

"கட்டிலுக்கு அடியில என்ன சொன்னீங்க? ஒரு தடவை போதும்னு சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன்."

"அதை நம்பி நான் ஒரு தடவைதான் கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. அது போதாதாப்பா?"

"போதும்!" என்றார் பதறி. "உனக்குப் போதும்மா. நீ குழந்தை மனசோட, சுத்தமான மனசோட கேட்ட."

"சுத்தமா?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எனக்குக் கண்ணாடி உடைஞ்சதுல வருத்தமே இல்லப்பா. அம்மா வந்தா அடி விழுமேன்னு பயம். இயேசப்பா நம்ம பக்கம் இருந்தா அம்மா அடிக்க மாட்டாங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான் என் சுத்தமான மனசு. அது செல்லாதா அப்ப?"

அத்தான் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"செல்லாதுன்னா சொல்லுங்க. நானும் உங்களோட உள்ள வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து புதுசாக் கேப்போம்." சொன்னதோடு நிற்கவில்லை, நான் பிடித்திருந்த கதவை நோக்கி நடந்தாள். விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவள் முகத்தில் நிஜமான கலவரம் இருந்தது. இத்தனை வருஷம் அப்பாவிடம் மட்டுமே இருந்த அந்தச் சந்தேகம் என் கண்முன்னாலேயே அவளைத் தொற்றுவதைப் பார்த்தேன்.

அத்தான் பாய்ந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றார். பை கீழே விழுந்து ஸ்பேனர்கள் தரையில் உருண்டன.

"வேணாம்! நீ எதுக்கு உள்ள போற? நீ எதுவும் பண்ண வேணாம். உன்னை அவர் எப்பவோ சேத்துக்கிட்டாரு."

"எப்படித் தெரியும்?"

"அவரே வேதத்துல சொல்லியிருக்காரு. வர்றவங்களைத் தள்ள மாட்டேன்னு சொல்லியிருக்காரு இல்ல? நீ எப்படிக் கேட்டா என்ன? பயந்து கேட்டா என்ன? சொன்னது அவரு..."

அங்கேயே நின்றுவிட்டார். தான் சொன்னதைத் தானே கேட்ட மனுஷனுடைய முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மகளும் உட்கார்ந்து கூடப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, ஜெப அறைப் பக்கம் திரும்பாமல், வந்த வழியே போனார். நாளைக்கு நிற்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தண்ணீரை நானே குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மேடைக்குப் பின்னால் பலகைகளை எடுத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மகளுக்கு வெள்ளை அங்கி நான் தைத்தது. தண்ணீரில் மிதக்காமல் இருக்க அடி மடிப்பில் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருந்தேன். தையல் பிரிந்துவிடுமோ என்று இரண்டு தடவை பார்த்தேன். இந்த வியாதி தொற்றும் என்று எனக்குத் தெரியும்.

அத்தானைக் காணோம். கூடத்தான் கிளம்பினார், பஸ்ஸிலும் ஏறினார். பாதி வழியில் "கேஸ் வால்வு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். "நான் மூடினேன்" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கத்தியது அவர் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

பாட்டு முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. மகள் அங்கியோடு தொட்டிப் படியில் நின்றாள். வாசலைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். போதகர் அக்காவைப் பார்த்தார். நீங்கள் வந்து நிற்கிறீர்களா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அக்கா எழுந்திருக்கவில்லை. இந்த மனுஷன் இன்று வரவில்லை என்றால் ஜென்மத்துக்கும் அவரோடு பேசப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அத்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நேராக நடந்து வந்து தொட்டியின் ஓரத்தில் நின்றார்.

"வால்வு?" என்று அக்கா தன்னை மீறிக் கேட்டுவிட்டாள்.

"மூடித்தான் இருந்துச்சு. தெருமுனை வந்ததும் இன்னொரு தடவை பார்க்கலாமான்னு திரும்பினேன். அப்புறம் பார்க்காமலே வந்துட்டேன்."

மற்றவர்களுக்கு இது ஒன்றுமில்லை. எனக்கும் அக்காவுக்கும் அதுவே பாதி அற்புதம்.

போதகர் நன்றி சொல்லும்படி சைகை காட்டினார். அத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்போது, பழக்கதோஷம், அவருடைய வலது கை மெல்ல மேலே போயிற்று. பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். கீபோர்டுக்காரன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். போதகரின் முகம் வாடிவிட்டது.

"பிரதர், கையை இறக்குங்க" என்றார் மெதுவாக.

"இல்லைங்க ஐயா. இறக்க மாட்டேன். இது கேக்கறதுக்குத் தூக்கின கை இல்ல."

குனிந்திருந்த கீபோர்டுக்காரன் நிமிர்ந்தான்.

"இத்தனை வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னைக் காப்பாத்துங்க, காப்பாத்துங்கன்னு. அவரு முதல் நாளே காப்பாத்திட்டாரு. இந்தப் படியேறி வந்தேனே, அன்னிக்கே. அதை வாங்கிக்கிட்டு நன்றின்னு ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. சரியா வாங்கினேனா, சரியா வாங்கினேனான்னு என் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேனே தவிர, குடுத்தவரு முகத்தைப் பார்க்கல." தூக்கிய கை நடுங்கியது. அதை அவரே நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு. கை நடுங்குது, பாருங்க. வால்வு நினைப்பும் இருக்கு. நடுங்கினா நடுங்கட்டும். சொன்னது அவரு. ஆண்டவரே, என்னை இரட்சிச்சீங்க. உங்களுக்கு நன்றி. இவ்வளவு நாள் கழிச்சு சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. நன்றி."

நான் அழுதேன். அக்கா அழவில்லை, கல்யாணத்தன்று இருந்த மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் கேட்காமல் உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். கீபோர்டுக்காரன் மூக்கை உறிஞ்சினான்.

மகள் தண்ணீரில் இறங்கினாள். அங்கி மிதக்கவில்லை. போதகர் அவள் தலையைத் தாங்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் அவளை முழுக வைத்துத் தூக்கினார். தண்ணீர் வழிய அவள் எழுந்து நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் அத்தான் தொட்டியின் மேல் குனிந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். பின்னந்தலை முழுசா நனைஞ்ச மாதிரி தெரியல. இன்னொரு தடவை..."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். போதகர் கண்ணை மூடி ஆண்டவரிடம் ஏதோ முறையிட்டார். மகள் முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தடவை போதும்ப்பா. நீங்கதான் சொன்னீங்க."

அத்தானுடைய கை இன்னும் மேலேயே இருந்தது. அதை இறக்க மறந்துவிட்டிருந்தார்.

"சொன்னேன்" என்றார். "ஆமா, சொன்னேன்."